விவாகரத்துக்குப் பிறகு வீட்டுக்கடன் வரிச்சலுகை யாருக்கு?

ஜனவரி பிறந்ததும் அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்துவிடும். முதலீட்டு ஆதாரங்களை இன்ன தேதிக்குள் கொடுங்கள், இல்லையென்றால் மார்ச் சம்பளத்தில் வரி பிடிப்போம் என்று. வழக்கம்போல வங்கியின் இணையதளத்துக்குப் போய் வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழை இறக்கிப் பார்த்தால் அதில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று உங்களுடையது. இன்னொன்று, போன வருடம் குடும்ப நல நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவருடையது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு, இதில் எவ்வளவு நம் கணக்கில் காட்டலாம் என்று தெரியாமல் திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிரியும் நேரத்தில் குழந்தை, நகை, ஜீவனாம்சம், வீடு எல்லாவற்றையும் பேசுகிறோம். வரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மனம் உடைந்து கிடக்கும்போது 80சி (சேமிப்பு, வீட்டுக்கடன் அசல் போன்றவற்றுக்கான வரிக்கழிவு) பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் தீர்ப்பு வந்த பிறகு சரிசெய்ய முடியாத சில விஷயங்கள் இதில் இருக்கின்றன. பணக் கணக்கு தெரியாதவர்தான் அதில் அதிகம் இழக்கிறார். பெரும்பாலும் அது பெண்ணாக இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை. இந்தியாவில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக்கணக்கு தாக்கல் செய்யும் முறை கிடையாது. அமெரிக்காவில் அது உண்டு, அதனால் அங்கே விவாகரத்து ஆனதும் வரி விகித வரம்புகளே மாறிவிடும். இங்கே திருமணத்துக்கு முன்பும் பின்பும் பிரிந்த பின்பும் ஆளுக்கொரு பான் எண், ஆளுக்கொரு கணக்கு. வரித்துறை உங்களிடம் கேட்பது மூன்று கேள்விகள்: பத்திரம் யார் பெயரில்? கடன் யார் பெயரில்? பணம் யார் கணக்கிலிருந்து போனது? இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்களாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், புதிய வரிமுறைதான் பொருந்தும். அதில் குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டி, 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, வாடகைப்படி (ஹெச்ஆர்ஏ) விலக்கு எதுவும் கிடையாது. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் இருந்தாலும் தள்ளுபடி போக வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்ந்து 12.75 லட்சம் வரை வரி வராது. உங்கள் சம்பளம் அந்த அளவுக்குள் என்றால், கீழே நான் சொல்லும் கழிவுகளுக்காக அலைய வேண்டியதே இல்லை. சொத்தை மாற்றுவது, ஜீவனாம்சம், குழந்தையின் வருமானம் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும். சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் பழைய முறையா புதிய முறையா என்று தேர்ந்தெடுக்கலாம். சேர்ந்து வீடு வாங்கிய இருவரில் ஒருவர் பழைய முறையிலும் மற்றவர் புதிய முறையிலும் இருக்கலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், கணக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன; 80சி என்பது அதில் 123. ஆடிட்டர் முதல் ஹெச்ஆர் வரை எல்லார் வாயிலும் இருப்பது பழைய எண்கள் என்பதால் இங்கே அவற்றையே சொல்கிறேன்.

வீடு யாருடையது, கடன் யாருடையது

கோவையில் ஒரு தம்பதி சேர்ந்து ஃபிளாட் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் இருவருக்கும் சரிபாதி. கடனிலும் இருவர் பெயர். மாதத் தவணை 45,000 ரூபாய். ஓர் ஆண்டில் கட்டிய 5.4 லட்சத்தில் வட்டி 3.6 லட்சம், அசல் 1.8 லட்சம்.

பழைய வரிமுறையில், நாம் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியைப் பிரிவு 24(பி)-யின் கீழ் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிக்கலாம். இந்த 2 லட்சம் ஆளுக்கு. வீட்டுக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இருவரும் தலைக்கு 1.8 லட்சம் வட்டியைக் கழிக்கலாம். அசலில் தலைக்கு 90,000 ரூபாய் 80சி-யின் 1.5 லட்சம் வரம்புக்குள் போகும். இதற்கு உரிமையாளராகவும் இருக்க வேண்டும், கடன் வாங்கியவராகவும் இருக்க வேண்டும். கடன் கிடைப்பதற்காக வெறுமனே கூட்டுக் கையெழுத்துப் போட்டவர், பத்திரத்தில் பெயர் இல்லாதவர் என்றால், தவணை முழுவதையும் அவரே கட்டினாலும் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது.

இப்போது அவர்கள் பிரிகிறார்கள். கணவர் வெளியே போய்விட்டார். மனைவியும் மகளும் அதே ஃபிளாட்டில். தவணை முழுவதையும் மனைவியே கட்டுகிறார். அப்படியானால் 3.6 லட்சம் வட்டியும் அவர் கணக்கிலா? பத்திரத்தில் பாதிதான் அவருடையது என்பதால் வட்டியிலும் பாதிக்கு, அதாவது 1.8 லட்சத்துக்கு, மேல் கேட்டால் வரித்துறை கேள்வி கேட்கும். மறுபாதியைக் கணவர் கேட்கலாமா? தவணை அவர் பணத்தில் போகவில்லை. சான்றிதழில் தன் பெயர் இருக்கிறது என்பதற்காக இன்னும் பாதி வட்டியைக் காட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. வருமானவரிப் படிவம் 2-இல் கூட்டு உரிமையாளரின் பான் எண்ணும் பங்கு சதவீதமும் கேட்கிறார்கள். இருவரும் வெவ்வேறு சதவீதம் எழுதினால் அது கண்ணில் படும்.

சரி, மனைவியே முழு வீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டார் என்று வைப்போம். இப்போது முழு வட்டியும் அவருடையது. ஆனால் ஆளுக்கு 2 லட்சம் என்ற வரம்பு இருக்கிறதே! 3.6 லட்சத்தில் 1.6 லட்சம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. 30 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு, கல்வி, சுகாதாரத் தீர்வையும் சேர்த்து இதன் மதிப்பு ஆண்டுக்கு 49,920 ரூபாய். பிரிந்த பிறகு வீட்டை யார் வைத்துக்கொள்வது என்று பேசும்போது, அவருக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு கூடும் என்ற கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். யாரும் சேர்ப்பதில்லை.

மிக மோசமான ஏற்பாடு எது தெரியுமா? வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிட்டு, கடனைக் கணவர் பெயரிலேயே விட்டு, "நானே தவணை கட்டிவிடுகிறேன்" என்பது. கேட்க நன்றாக இருக்கும். பெருந்தன்மையாகவும் தோன்றும். கட்டுபவர் உரிமையாளர் இல்லை, உரிமையாளர் கடன்காரர் இல்லை. இருவருக்குமே சலுகை இல்லை. போதாததற்கு, அவர் ஒரு நாள் தவணையை நிறுத்தினால் வங்கி அந்த வீட்டின் மேல்தான் வரும். நீதிமன்றம் இன்னார்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தாலும் அது உங்கள் இருவருக்கும் இடையிலானது. கடன் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் வங்கி கேட்கும். முடிந்தால் வீட்டை எடுத்துக்கொள்பவர் தன் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்துவிடுவது நல்லது. பழைய வீட்டுக்கடனை அடைக்க வாங்கிய கடனின் வட்டியும் கழிவுக்கு ஏற்கப்படும்.

வெளியே போனவர் நிலை என்ன? அவர் பாதி உரிமையை விடாமல் தன் பாதித் தவணையையும் தொடர்ந்து கட்டுகிறார் என்றால் அவருடைய சலுகை நிற்பதில்லை. தான் அங்கே வசிக்காவிட்டாலும் அதைக் குடியிருக்கும் வீடாகக் காட்டலாம். இப்படி இரண்டு வீடுகள் வரை சட்டம் அனுமதிக்கிறது. 2 லட்சம் வரம்பு இரண்டுக்கும் சேர்த்து. அவர் வேறிடத்தில் வாடகைக்கு இருந்தால் வாடகைப்படி விலக்கையும் கூடவே கேட்கலாம். ஆனால் முன்னாள் மனைவி அவருடைய பாதிக்கு வாடகை கொடுத்தால் அவரைப் பொறுத்தவரை அது வாடகைக்கு விட்ட வீடாகிவிடும், அந்தப் பணம் வருமானம்.

பங்கை எழுதிக் கொடுப்பது: தேதிதான் எல்லாம்

இந்தப் பகுதியைத் தீர்ப்புக்கு முன்பே படிப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

வருமான வரிச் சட்டத்தில் உறவினரிடமிருந்து வரும் பரிசுக்கு வரி இல்லை. கணவனும் மனைவியும் அந்த உறவினர் பட்டியலில் முதலில் இருக்கிறார்கள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள். அந்நியரிடமிருந்து இலவசமாக வரும் சொத்தோ பணமோ ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பெற்றவருக்கு வரி வரும். எனவே பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அப்படி முடியாவிட்டால், இன்ன பங்கு இன்னாருக்கு, ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக என்று சமரச மனுவிலும் தீர்ப்பிலும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போது அது இலவசப் பரிசு இல்லை என்று வாதாட ஆதாரம் இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பிரிந்த பிறகு நீங்கள் அவருக்குக் குடும்பத்தினர் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? செலவு பல மடங்காகிவிடும்.

"தீர்ப்புக்கு முன்பே எழுதினால், மனைவிக்குக் கொடுத்த சொத்தின் வருமானம் கணவர் கணக்கில் சேருமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாதாரணமாகச் சேரும். பிரிவு 27-ம் 64-ம் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டிலுமே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: தனித்து வாழ்வதற்கான ஒப்பந்தத்தையொட்டிச் செய்த மாற்றத்துக்கு அது பொருந்தாது. பத்திரத்தில் அந்தக் காரணத்தை ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர்கள் "இயற்கையான அன்பும் பாசமும் கருதி" என்ற பழைய வாசகத்தையே போட்டுவிடுவார்கள். இந்த இடத்தில் அது பொய் மட்டுமில்லை, தொந்தரவும்கூட.

பங்கை இலவசமாக விட்டுக்கொடுத்தால் கொடுப்பவருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு விட்டால் அது விற்பனைக்குச் சமம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சொத்து என்றால் ஆதாயத்தில் 12.5 சதவீதம் வரி; 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். பணம் கைமாறாமல், அவர் பங்குக் கடனை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அதையும் விலையாகப் பார்க்க இடமுண்டு. இந்த ஓர் இடத்தில் ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

பலர் கேள்விப்படாத கண்ணி ஒன்று 80சி-யில் இருக்கிறது. வீட்டைச் சுவாதீனம் எடுத்த நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த வீட்டை மாற்றிக் கொடுத்தால், அதுவரை அசலுக்காகப் பெற்ற கழிவு முழுவதும் மாற்றிய ஆண்டின் வருமானத்தில் திரும்பச் சேரும். 2022 ஜூனில் சாவி வாங்கியவருக்கு இந்தக் கெடு 2028 மார்ச் 31. வட்டிக்கான கழிவுக்கு இந்த நிபந்தனை இல்லை. கெடுவுக்குச் சில மாதங்களே மிச்சம் என்றால், எது பெரிய செலவு என்று இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதிவுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

ஜீவனாம்சம்

ஜீவனாம்சத்துக்கு வரி உண்டா என்று சட்டத்தில் நேரடியாக ஒரு பிரிவும் இல்லை. நீதிமன்றங்கள் சொன்னதை வைத்துத்தான் நடக்கிறது. 1980-களில் மும்பை உயர் நீதிமன்றம் பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் ஒரு கோடு போட்டது. ஒரே தொகையாகத் தருவது மூலதன வரவு, அதற்கு வரி இல்லை. மாதாமாதம் வருவது வருமானம், அதற்கு வரி உண்டு. மாதத் தொகையைப் பெறுபவர் இதர வருமானத்தில் காட்ட வேண்டும்.

கொடுப்பவருக்கு இரண்டிலுமே கழிவு கிடையாது. வரி கட்டியது போக மிஞ்சிய பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். பெறுபவர் பக்கம் பார்த்தால் மொத்தத் தொகை லாபமாகத் தெரியும். ஆனால் அதை வைப்பு நிதியில் போட்டால் வரும் வட்டிக்கு வரி உண்டு. வேலைக்குப் போகாத பெண்ணுக்கு மாதம் 30,000 ரூபாய் வந்தால் ஆண்டுக்கு 3.6 லட்சம், புதிய முறையில் வரியே வராது. அவருக்கு மாதத் தொகையால் வரிச்சுமை இல்லை. நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு அதே 3.6 லட்சத்தில் ஒரு பங்கு வரியாகப் போகும். மொத்தமாகவா மாதமாகவா என்பதை முடிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். எதிர்த் தரப்பு நம்பகமானவரா என்பதை உங்களைவிட நன்றாக யார் அறிவார்கள்? மாதத் தொகை நின்றுபோனால் மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டும். அந்த அலைச்சல் எந்த வரிக் கணக்கிலும் வராது.

குழந்தை

பள்ளிக் கட்டணத்துக்கு 80சி-யில் இடமுண்டு. டியூஷன் ஃபீஸ் மட்டும். வேன் கட்டணம், நன்கொடை, வளர்ச்சிக் கட்டணம் சேராது. குழந்தை யாரிடம் வளர்கிறது என்பது இங்கே பொருட்டில்லை, யார் கட்டினார்கள் என்பதுதான். முதல் தவணையை அப்பாவும் இரண்டாவதை அம்மாவும் கட்டினால் அவரவர் கட்டியதை அவரவர் காட்டலாம். ஒரே ரசீதை இருவரும் காட்டக் கூடாது. பணமாகக் கையில் கொடுத்து "நீயே கட்டிவிடு" என்றால் கட்டியவர் அம்மா ஆகிறார். அப்பா சலுகை கேட்க நினைத்தால் பள்ளிக்கு நேராகத் தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 80டி-யில் தனக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், தன்னைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் 25,000 ரூபாய் வரை பிரீமியத்தைக் கழிக்கலாம். முன்னாள் மனைவி இந்தப் பட்டியலில் இல்லை. அன்பினாலோ கடமையினாலோ அவர் பெயரைக் குடும்பப் பாலிசியில் வைத்திருந்தாலும் அந்தப் பங்குக்குச் சலுகை கிடையாது. ஆயுள் காப்பீட்டுக்கும் அப்படியே. பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் உங்கள் பிள்ளைதான். பிள்ளை பெயரிலான ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 80சி-யில் சேரும்.

பதினெட்டு வயதுக்குள்ளான பிள்ளையின் பெயரில் வைப்பு நிதி இருந்தால், தாய் தந்தை சேர்ந்து இருக்கும்வரை அதன் வட்டி இருவரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். திருமணம் முறிந்த பிறகு, அந்த ஆண்டில் குழந்தையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும். தாத்தா பேத்திக்காகப் பெரிய தொகை போட்டு வைத்திருந்தால், அதற்கான வரி இனிமேல் அவளை வளர்க்கும் அம்மாவுக்கு வரும். அப்பா வீட்டுத் தாத்தா போட்டதாக இருந்தாலும் அப்படித்தான். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது இதில் சேராது.

அம்மா வீட்டுக்குத் திரும்பியவர்கள், அறை பகிர்ந்துகொள்பவர்கள்

பிரிந்தவர்கள் பலர் பெற்றோர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அப்பாவுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பவர்கள் அதை வாடகையாகக் காட்டி ஹெச்ஆர்ஏ விலக்குப் பெறலாமா? பழைய வரிமுறையில் பெறலாம், உண்மையிலேயே வாடகையாக இருந்தால். வீடு அப்பா பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். வங்கி வழியாகப் பணம் போக வேண்டும். அப்பா தன் வருமானக் கணக்கில் அந்த வாடகையைக் காட்ட வேண்டும். அவருக்கு 30 சதவீதம் நிலைக்கழிவு உண்டு. ஓய்வூதியம் மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் வரியே வராது. அப்பாவிடம் வாடகை ஒப்பந்தமா என்று கூச்சமாக இருக்கும். கூச்சப்பட வேண்டியதில்லை, இது சட்டம் தரும் உரிமை.

கணக்கு இப்படி: கையில் வரும் ஹெச்ஆர்ஏ, வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மிச்சம், சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம், கோவை, மதுரை போன்ற ஊர்களில் 40 சதவீதம். ஓய்வுக்காலப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கப்படும் அகவிலைப்படி உண்டென்றால் அதையும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. கோவையில் அடிப்படைச் சம்பளம் 50,000, ஹெச்ஆர்ஏ 20,000, வாடகை 15,000 என்றால் மாதம் 10,000 ரூபாய்க்கு விலக்கு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகம் கேட்கும்.

மூன்று பேர் சேர்ந்து 24,000 ரூபாய் வாடகைக்கு வீடு எடுத்தால் ஆளுக்கு 8,000 மட்டுமே காட்டலாம். மூன்று பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் ஒப்பந்தம், மற்றவர்கள் அவருக்கு ஜிபேயில் அனுப்புகிறார்கள் என்றால் மற்றவர்கள் கையில் ஆதாரம் எதுவும் நிற்பதில்லை. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் வரிச் சட்டத்துக்கு இப்படி அறை பகிரும் நண்பர்கள்தான். ஒருவர் மற்றவருக்கு வீட்டில் பங்கு எழுதிக் கொடுத்தால் உறவினர் விலக்கு கிடைக்காது.

சமரச மனுவின் வரைவு உங்கள் கைக்கு வந்திருந்தால், கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் இவற்றைக் கேளுங்கள். வீட்டுப் பங்கை எந்தத் தேதிக்குள், எந்தப் பத்திரத்தின் மூலம் மாற்றுவது? வங்கிக் கடனிலிருந்து வெளியேறுபவரின் பெயரை எடுக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை மாதத்துக்குள்? இந்த நிதியாண்டில் இதுவரை கட்டிய வட்டியை யார், எவ்வளவு கழித்துக்கொள்வது? ஜீவனாம்சம் ஒரே தொகை என்றால், மாதத் தொகைக்கான எதிர்கால உரிமைக்கும் சேர்த்து இறுதியாகத் தரப்படுகிறது என்ற வரி மனுவில் இருக்கிறதா? பள்ளிக் கட்டணம் யார் கணக்கிலிருந்து நேராகப் போகும்? பதில்களை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலில் கூடுதலாக இரண்டு வாங்கி, ஒன்றை வங்கிக்கும் இன்னொன்றை உங்கள் வரிக் கோப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.